மாப்பிள்ளை வாட்ச்சுக்கு ஒரு ஸ்ட்ராப்

ஆகஸ்ட் 4, திங்கள்

புழுக்கம். காலை எட்டுக்கே சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. போளூர் பக்கம் நேற்று நல்ல மழையாம். இங்கே ஒரு தூறல் கிடையாது.

செய்ய வேண்டியவை: கூரியர் பார்சல்கள். கரண்ட் பில். ஷட்டருக்கு எண்ணெய். வாட்ச்சுக்கு ஸ்ட்ராப்.

எண்ணெய் போடாத ஷட்டர்தான் வேலையைக் காட்டியது. தூக்கும்போது விளிம்பில் மாட்டி ஸ்ட்ராப் பட்டென்று அறுந்தது. நல்லவேளை, வாட்ச்சை மறு கையால் பிடித்துவிட்டேன். ஸ்ட்ராப்பைக் குறை சொல்ல முடியாது. வியர்வையில் ஊறி, உள்பக்கம் கறுத்து, ஓரமெல்லாம் அட்டைபோலப் பிரிந்துகிடந்தது. நான்தான் பசை தடவித் தடவி ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அறுந்தது பெரிய விஷயமில்லை. நேற்று லைவில் வந்ததுதான் விஷயம்.

தினமும் மாலை ஆறரைக்கு லைவ், வெள்ளி மட்டும் லீவு. மேஜையில் வெள்ளை விரிப்பு, அதன்மேல் புடவை, அதன்மேல் என் இரண்டு கைகள். முகம் வராது. ஆரம்பத்தில் ஒரு வாரம் முகத்தோடுதான் செய்தோம், ஒரு புடவை நகரவில்லை. குணாதான் போனைக் கீழே இறக்கி வைத்தாள். "உங்க மூஞ்சியப் பாத்தா கடன் கேக்க வந்தவரு மாதிரி கீதுண்ணா. கை போதும்." கைக்கு நல்ல வியாபாரம்.

குணா கடைக்கு வந்து ஒரு வருஷம். புருஷன் லாரி டிரைவர். போனைப் பார்த்துக்கொள்வது, கமெண்ட் படிப்பது, என்னைத் திட்டுவது மூன்றும் அவள் வேலை. நேற்று ஆடிப்பெருக்கு, பார்க்க ஆளே குறைவு. ஒரு கமெண்ட்டைப் படித்துவிட்டுச் சிரித்தாள். பரிமளா என்று ஒருத்தர் "ஸ்ட்ராப் மாற்றவும்" என்று போட்டிருக்கிறாராம், புடவைக்கு ஏது ஸ்ட்ராப் என்று கேட்டாள். குணாவுக்குத் தெரியாது. அவள் வருவதற்கு முன்பே பரிமளா வீட்டை விட்டுப் போய்விட்டாள்.

லைவ் முடிந்ததும் போனை வாங்கிப் பார்த்தேன். பெயருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் அடுக்குச் செம்பருத்தி, நீல பெயிண்ட் அடித்த பழைய பக்கெட்டில். எங்கள் மொட்டைமாடி. அந்த பக்கெட்டுக்குப் பெயிண்ட் அடித்தவன் நான்.

அவள் கணக்கேதான். இரண்டு வருஷத்துக்குப் பிறகு இரண்டு வார்த்தை.

இனிமேல் ப. என்றே எழுதுகிறேன். முழுப் பெயரை எழுதினால் கை நிற்கிறது.

இரவு: பன், வாழைப்பழம்.


ஆகஸ்ட் 5, செவ்வாய்

வெயில். ஷட்டருக்கு எண்ணெய் போட்டாயிற்று. கரண்ட் பில் நாளைக்கு.

லைவ் முடிந்ததும் வாட்ச்சை எடுத்துக்கொண்டு வாட்ச் ரிப்பேர் பாய் கடை. லென்ஸைக் கண்ணில் வைத்துப் பார்த்தவர் ரொம்ப நேரம் தலையைத் தூக்கவில்லை. பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். இந்த மாதிரி வாட்ச் கட்டுகிற ஆள் ஏன் இந்த மாதிரிச் செருப்பு போட்டிருக்கிறான் என்ற பார்வை. மாமனார் போட்டது என்றேன். அப்படிச் சொல்லுங்க என்பதுபோல் தலையாட்டினார்.

மாமனார் போட்டதுதான். மாப்பிள்ளைக்கு வாட்ச், செயின், மோதிரம் எல்லா வீட்டிலும் போடுவதுதானே. செயினும் மோதிரமும் ஊருக்கு ஒத்த மாதிரி. வாட்ச் மட்டும் சிங்கப்பூரில் இருக்கும் தம்பியிடம் சொல்லி மாமா வரவழைத்த ஸ்விஸ் ஆட்டோமேட்டிக். பேட்டரி கிடையாது. கை ஆடினால் ஓடும், கழற்றி வைத்தால் இரண்டாம் நாள் நின்றுவிடும். ரைஸ்மில் வைத்திருந்த மனுஷர், ஒரே பெண். விலையை யாரிடமும் அவர் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை, சொன்னால் இந்த ஊரில் நம்ப மாட்டார்கள்.

எங்கள் பிரிவில் சண்டை கிடையாது. அடிதடி, குடி, இன்னொரு பெண் எதுவும் கிடையாது. ப. அம்மாவைப் பார்த்துக்கொள்ளப் போளூர் போனாள். அம்மா போன பிறகும் வரவில்லை. நானும் போய்க் கூப்பிடவில்லை. வருவாள் என்று இருந்தேன். கூப்பிடுவான் என்று அவள் இருந்திருப்பாள். அப்படியே கோர்ட் வரைக்கும் போனோம், மரியாதையாக.

எல்லாம் முடிந்து சீர் சாமான் எடுக்க மாமாதான் மினி லாரியோடு வந்தார். கட்டில், பீரோ, அண்டா, குத்துவிளக்கு, மிக்ஸி எல்லாம் ஏறியது. செயினையும் மோதிரத்தையும் கவரில் போட்டுக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். வாட்ச்சைக் கழற்றி மேஜைமேல் வைத்தேன். பார்த்தார். எடுக்காமலே வண்டியில் ஏறிவிட்டார். மறதி என்றுதான் நினைத்தேன். யாராவது கேட்டு வருவார்கள் என்று கொஞ்ச நாள் கட்டாமலே வைத்திருந்தேன். நின்றுபோன வாட்ச்சைப் பார்க்கப் பிடிக்கவில்லை, கட்டிக்கொண்டேன். எப்போது கேட்பார்களோ என்ற பயம் இன்றைக்கும் அடியில் இருக்கிறது.

இப்போது கேட்டு வரவில்லை. ஸ்ட்ராப் மாற்றச் சொல்லி வந்திருக்கிறது. பழையதைத் திரும்பக் கேட்கிறவள் புது ஸ்ட்ராப் போடச் சொல்ல மாட்டாள். நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

பாய் ஸ்டீல் செயின்தான் போட வேண்டும் என்று ஒரே பிடி. "தோலு எதுக்குண்ணே, நம்மூரு வேர்வைக்கு நாறிடும். ஸ்டீலப் போடுங்க, ஆயுசுக்கும் பேஜார் இல்ல." தோல் ஸ்ட்ராப் காட்டச் சொன்னேன். அட்டையில் தொங்கினது எல்லாம் ரெக்சின். செயினை மாட்டி, இரண்டு கண்ணியைக் கழற்றி, ஜல்தியாகக் கையில் கட்டிவிட்டார். கனமாக, மினுமினுவென்று. யாருடைய கையோ போலிருந்தது.

பட்டுக்காரன் கையில் இரும்பு ஆகாது என்று எனக்குத் தெரியாதா? வளையலைக் கழற்றிவிட்டுத் தொடுங்கள் என்று கடைக்கு வருகிற ஒவ்வொரு பெண்ணிடமும் சொல்கிறவன் நான். தெரிந்துதான் கட்டிக்கொண்டு வந்தேன். ப. நாளைக்கே பார்க்க வேண்டும் என்ற அவசரம்.


ஆகஸ்ட் 6, புதன்

மேகம் போட்டு ஏமாற்றியது.

எழுதவே வெட்கம். எழுதிவிடுகிறேன்.

லைவ். மூன்றாவது புடவை பாட்டில் பச்சை, கடுகுக் கலர் பார்டர், முகூர்த்தச் சேலை. ஆவணிக்கு என்று தனியாக எடுத்து வைத்தது. குணா கமெண்ட் படித்துக்கொண்டே வந்தாள். விலை என்ன, பிளவுஸ் உண்டா, கூரியர் செலவு யாருடையது. நடுவில்: பரிமளா. "செயின் வேண்டாம். பட்டில் மாட்டும்."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பார்த்துக்கொண்டிருக்கிறாள்! சொன்னதைக் கேட்க வேண்டியதுதானே. இல்லை. எத்தனை வருஷமாகப் புடவை பிரிக்கிறேன் என்று காட்டுகிற வீம்பு. முந்தானையை ஒரே வீச்சில் விரித்தேன். கொக்கி மாட்டியது. சர்ரென்று ஒரு சத்தம், எனக்கு மட்டும் கேட்கிற சத்தம். ஒரு சாண் நீளத்துக்கு இழை இழுத்துக்கொண்டு புடவை சுருங்கியது. கையை எடுக்கவும் முடியவில்லை, எடுத்தால் இன்னும் இழுக்கும்.

குணா போனைப் பிடித்தபடியே கிசுகிசுத்தாள். "ண்ணா, கொக்கி மாட்டிக்கினு கீது பாருண்ணா, ஆட்டாத." அது மைக்கில் ஊருக்கே கேட்டது. யாரோ சிரிக்கிற பொம்மைகளை வரிசையாக அனுப்பினார்கள்.

ப. அதற்குப் பிறகு எதுவும் எழுதவில்லை. எதையும் சொல்லிக்காட்டுகிற வழக்கம் அவளுக்கு எப்போதுமே கிடையாது. அது ஒன்றுதான் அவளிடம் எனக்குப் பயம்.


ஆகஸ்ட் 7, வியாழன்

ஊசி முனையால் இழையைத் திரும்பத் தள்ளுவதிலேயே காலை போயிற்று. முக்கால்வாசி சரி. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் கோடு தெரிகிறது. இனி விற்க முடியாது. மடித்து மேல் தட்டில் வைத்தேன்.

செயின் கழற்றியாயிற்று. வாட்ச் வெறும் தலையாகச் சட்டைப் பையில் கிடக்கிறது. பை ஆடுவதில் ஓடிக்கொண்டிருக்கிறது.

ப. புடவை மடிக்க உட்கார்ந்தால் முதலில் வளையல்களைக் கழற்றி எவர்சில்வர் டம்ளரில் போடுவாள். கலகலவென்று சத்தம் வரும். சமையலறையில் இருந்தாலும் எனக்குத் தெரியும், ப. வேலைக்கு உட்கார்ந்துவிட்டாள் என்று. மடித்து முடித்ததும் டம்ளரைக் கையில் கவிழ்த்துக்கொள்வாள். அந்த டம்ளர் இன்னும் இருக்கிறது. அது சீர் சாமான் இல்லை, நான் வாங்கியது.

மத்தியானம் முழுக்க போனில் ஸ்ட்ராப் தேடினேன். ஒரு உலகமே இருக்கிறது. குறித்துக்கொண்டவை:

ரப்பர். வியர்வைக்கு நல்லது. பட்டில் மாட்டாது, ஆனால் வழுக்காமல் பிடித்து இழுக்கும். வேண்டாம்.
நைலான். பள்ளிக்கூடப் பை வாசனை. கொக்கியும் வளையமும் கூடுதல். வேண்டவே வேண்டாம்.
முதலைத் தோல். விலையைப் பார்த்துவிட்டுப் பக்கத்தை மூடினேன். முதலை மாதிரி அச்சுக் குத்திய மாட்டுத் தோலும் உண்டு. அதைப் போடுவதற்குச் சும்மா இருக்கலாம்.
கன்றுத் தோல், வழவழப்பு, ஓரம் மழுங்கத் தேய்த்தது. பட்டுக்கு இதுதான்.

கொக்கிதான் தலைவலி. மணிக்கட்டின் அடியில் வருவது, விரிக்கும்போது புடவைமேல் படுவது அதுதான். கொக்கி தெரியாமல் மேலே தோல் மூடுகிற மாதிரி ஒன்று இருக்கிறது. கூடவே சாயம். மட்டமான தோல் வேர்த்தால் சாயம் விடும், வெளிர்க் கலர் புடவையில் பட்டால் தொலைந்தது.

அகலம் பதினெட்டா இருபதா என்று தெரியவில்லை. ஸ்கேல் வைத்து அளந்தேன். கண்ணாடி போடாமல் பதினெட்டு, போட்டால் இருபது.

லைவில் வெறும் கை. ப. வரவில்லை.

இரவு: மத்தியானத்துத் தயிர்சாதம், பாதி.


ஆகஸ்ட் 8, வெள்ளி

ஆடி வெள்ளி. படவேட்டு அம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டம் விடியற்காலையிலிருந்தே பஸ் ஸ்டாண்டில். மஞ்சள் புடவைகள், கூழ் வாளிகள். லைவ் கிடையாது. கடையும் அரை நாள்தான்.

வெள்ளிக்கிழமை என்றால் எனக்கு ஆகாது. மற்ற நாளில் யாராவது ஐம்பது பேர் அண்ணா அண்ணா என்று கூப்பிடுகிறார்கள். வெள்ளி அன்று என்னை யாரும் எதுவும் கூப்பிடுவதில்லை. கூரியர்காரர் கூட வரவில்லை. பேசாமலே மாலையாகிவிட்டது. தண்ணீர் கேன் போட வந்தவரிடம் வைங்க என்றபோது குரல் கரகரத்தது. தனியாக இருக்கிறேன். எழுதுவதில் என்ன வெட்கம்.

ப. வேலூரில் ஒரு ஸ்கூலில் டீச்சராக இருக்கிறாள் என்று போன பொங்கலுக்கு யாரோ சொன்னார்கள். வேலூர் என்ன தூரம். கண்ணமங்கலம் தாண்டினால் வேலூர்தான்.

நம்பர் இருக்கிறது. அழைத்து என்ன சொல்வது? ஸ்ட்ராப் இன்னும் வாங்கவில்லை என்றா? எடுத்தேன், வைத்தேன். கமெண்ட்டையே திரும்ப எடுத்துப் பார்த்தேன். "மாற்றவும்." "மாட்டும்." அவள் எனக்கு அனுப்பியதெல்லாம் இங்கிலீஷ் எழுத்தில்தான், அதுவும் சரி, ஓகே, வரேன் என்ற அளவில். தமிழில் அடிக்கவே சோம்பல் படுவாள். டீச்சரான பிறகு மாறியிருப்பாள். மனுஷர்கள் மாறுவார்கள்.

மாறியிருந்தால் எனக்கு நல்லதுதான். நானும் மாறியிருக்கிறேன் என்று எப்படிக் காட்டுவது. ஒரு ஸ்ட்ராப்பைக்கூட ஒழுங்காக வாங்கத் தெரியாதவன் என்ன மாறியிருப்பான்.


ஆகஸ்ட் 10, ஞாயிறு

நேற்று சனி. எழுத ஒன்றுமில்லை. கரண்ட் பில் கட்டினேன்.

இன்று லைவில் ஒரு தந்திரம். புடவைகளுக்கு நடுவில் வாட்ச்சை எடுத்து விரிப்பின்மேல் வைத்து, என்ன கலர் ஸ்ட்ராப் போடலாம், நீங்களே சொல்லுங்கள் என்றேன். குணா என்னைப் பார்த்த பார்வை! ஆனால் ஜனம் புடவைக்குக்கூட இப்படி எழுதியதில்லை. கறுப்பு. மெரூன். மயில்கழுத்து. பச்சைப் புடவைக்கு மேட்சாகப் பச்சை. தங்கக் கலர் போட்டால் அண்ணாவுக்கு எடுப்பாக இருக்கும். ஒரு அம்மாள் பட்டிலேயே செய்து போடுங்கள் என்றார். செய்யாறிலிருந்து ஒருத்தர், வாட்ச் என்ன விலை, கொடுப்பீர்களா.

ப. கடைசியில் வந்தாள். அதுவரை நான் புடவையை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

"கறுப்பு வேண்டாம். காப்பிக் கலர். அளவு 20 எம்.எம். பார்த்து வாங்கவும்."

இருபது! இவ்வளவு வருஷம் கட்டியவன் நான், கண்ணாடி போட்டு அளக்க வேண்டியிருந்தது. அவள் நினைவிலிருந்தே சொல்கிறாள். கல்யாணத்தன்று பெட்டியைத் திறந்து காட்டியபோது பக்கத்தில்தான் இருந்தாள், அந்த அட்டையில் எழுதியிருந்திருக்கும், படித்திருப்பாள். எதையும் மறக்காதவள். இதையா மறப்பாள்.

குணா கேட்டாள், யாருண்ணா இந்தப் பரிமளா, ஒரு பொடவையும் வாங்காம வாட்ச்சையே சுத்திகினு கீறாங்க. தெரிஞ்சவங்க என்றேன். அதற்குமேல் கேட்கவில்லை. ஆனால் போகும்போது, நாளைக்காவது ஷேவ் பண்ணிட்டு வாண்ணா என்று சொல்லிவிட்டுப் போனாள். முகம்தான் வராதே என்றேன். எனக்கு வருதே என்றாள்.

ஆர்டர் போட்டாயிற்று. கன்றுத் தோல், காப்பிக் கலர், இருபது, கொக்கியைத் தோல் மூடுகிற மாடல். இத்தாலித் தோலாம். இரண்டு முகூர்த்தப் புடவையின் லாபம் போயிற்று, போகட்டும்.

இன்று பசித்தது. ஹோட்டலில் உட்கார்ந்து இரண்டு தோசை.


ஆகஸ்ட் 13, புதன்

மழை! மாலை நாலுக்குப் பிடித்து ஒரு மணி நேரம். கடைக்கு முன்னால் கணுக்கால் தண்ணீர்.

மழைக்கு முன்பே பார்சல் வந்துவிட்டது. அனுப்பியவர் முகவரி: ஆம்பூர். இத்தாலித் தோல் ஆம்பூரிலிருந்து வருகிறது. பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் போய் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். குணாவிடம் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். ரொம்ப நாளாயிற்று.

ஆனால் பொருள் நல்ல பொருள். புடவைக்குச் செய்கிற சோதனை எல்லாம் செய்தேன். வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து உள்ளும் புறமும் அழுத்தித் தேய்த்தேன். சாயம் விடவில்லை. தையல் நெருக்கம், பின்பக்கமும் அதே நேர்த்தி. முன்பக்கம் அழகாகத் தைத்து பின்பக்கம் ஏமாற்றுகிற ஆளா என்று அங்கேதான் தெரியும். ஓரத்தில் பழைய பட்டுத் துண்டு ஒன்றை இழுத்துப் பார்த்தேன். வழுக்கிக்கொண்டு போனது. கொக்கியிலும் ஓட்டிப் பார்த்தேன். மாட்டவில்லை.

மாட்டிக் கட்டினேன். கடைசி ஓட்டைக்குப் போக வேண்டியிருந்தது. ஆம்பூர்க்காரன் பெரிய கைக்குச் செய்திருப்பான்.

மழையால் கரண்ட் போய்விட்டது. லைவ் இல்லை. இந்த ஒரு நாள் பார்த்தா போக வேண்டும். ராத்திரி கரண்ட் வந்ததும் சட்டையை இஸ்திரி செய்தேன். கைதான் தெரியும் என்று தெரிந்தும் செய்தேன். முழுக்கை மடித்தால் வாட்ச் நன்றாகத் தெரியும், மணிக்கட்டுக்கு மேல் இரண்டு மடிப்பு.

நாளைக்கு அவள் நன்றாக இருக்கிறது என்று சொன்னால் அழைத்துவிடுவது. முடிவு. என்ன பேசுவது என்றுகூட யோசித்து வைத்துவிட்டேன். புடவை ஒன்று இருக்கிறது, இழை இழுத்துவிட்டது, விற்க முடியாது, உனக்குத்தான் சரியாக இருக்கும், கொண்டுவந்து தரட்டுமா. இவ்வளவுதான். இதைச் சொல்லி முடித்துவிட்டால் மற்றது அவள் கையில்.


ஆகஸ்ட் 14, வியாழன்

ஷேவ் செய்துகொண்டு போனேன். குணா பார்த்தாள்.

லைவ் நன்றாகப் போனது. கூட்டம். போன வாரத்து ஜனம் ஸ்ட்ராப்பைப் பார்க்கவே வந்திருந்தார்கள். சூப்பர் அண்ணா. காப்பிக் கலர்தான் கெத்து. மயில்கழுத்து போட்டிருக்கலாம். நான் புடவையைப் பிரிப்பதும் மணிக்கட்டைத் திருப்புவதுமாக இருந்தேன். வெட்கம் கெட்டவன்.

வந்தாள். "காப்பிக் கலர் பொருத்தம்." குணா சத்தமாகப் படித்தாள். அடுத்த புடவையை எடுத்து வைத்தேன். என்ன கலர் என்று இப்போது கேட்டால் தெரியாது.

அடுத்ததையும் குணா அதே வேகத்தில் படித்தாள், விலை படிக்கிற மாதிரி. "வார் நுனி நீளமாகத் தொங்குகிறது. கை மெலிந்துவிட்டது. வேளைக்குச் சாப்பிடவும் மாப்ளே."

படித்துவிட்டு, மாப்ளேவா, என்றாள்.

நான் கேட்டது சரிதானா என்று அவளைப் பார்த்தேன். அவள் போனைப் பார்த்தாள். அடுத்தது வந்தது, அதைப் படிக்கவில்லை. அதற்கடுத்தது வந்தது. எழுந்து வந்து கேமராவுக்குப் பின்னாலிருந்தே இன்னொரு போனில் காட்டினாள்.

"மாப்ளே என்று எழுதிவிட்டேன். அழிக்கத் தெரியவில்லை."

"இது பரிமளாவின் பழைய போன். அவள் பார்ப்பதில்லை."

முகம் வராதது நல்லதாயிற்று. ஆனால் கை வருகிறதே. கை புடவைமேல் அப்படியே நின்றுவிட்டது. என்னால் எடுக்க முடியவில்லை. வீடியோ நின்றுவிட்டதா, நெட் இல்லையா, அண்ணா ஹேங் ஆகிவிட்டாரா என்று கமெண்ட்கள். குணா மைக்கை மூடிக்கொண்டு கேட்டாள். "அந்தக் கமெண்ட்ட மறைச்சிடட்டாண்ணா?"

வேண்டாம் என்று தலையாட்டினேன். இருக்கட்டும்.

மீதிப் புடவைகளை அவள்தான் வந்து காட்டினாள். வளையலைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு.


ஆகஸ்ட் 15, வெள்ளி

லீவு. பள்ளிக்கூடத்து மைக்கில் பாட்டு, மிட்டாய்க் காகிதம் தெருவெல்லாம். தூறல்.

பரிமளா பார்க்கவில்லை. முதல் நாளிலிருந்தே பார்க்கவில்லை. முழுப் பெயரோடு எழுதிப் பார்க்கிறேன், அப்போதாவது உறைக்கட்டும். வேலூரில் அவளுக்கு ஒரு வேலை, புது போன், புது நம்பராகக்கூட இருக்கும். நான் சட்டைக்கு இஸ்திரி போட்டதும் ஷேவ் செய்ததும் எழுபத்தெட்டு வயசு மனுஷருக்காக.

காலையில் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. பழைய போனை அப்பாவிடம் கொடுக்கிறவர்கள் தங்கள் கணக்கை எடுத்துவிட்டுக் கொடுக்க வேண்டாமா? இந்த ஊரில் யார்தான் எடுக்கிறார்கள். மாமா என்ன செய்வார். அவரிடம் இருக்கிற போன் அது. அதில் நான் வருகிறேன். என் கை வருகிறது.

எல்லாம் இப்போது சரியாகப் பொருந்துகிறது. மாற்றவும், வாங்கவும், சாப்பிடவும். ரைஸ்மில்லில் எழுதிப் பழகிய கை. இருபது எம்.எம். என்று சொல்ல வேறு யாரால் முடியும், வாங்கியவரே அவர்தானே.

அன்றைக்கு மேஜைமேல் வைத்த வாட்ச்சை அவர் மறந்துவிட்டுப் போகவில்லை. இது இன்றைக்குத்தான் எனக்குத் தெரிகிறது.

பெண்டாட்டி போய், பெண்ணும் வேலூர் போய், அந்தப் பெரிய வீட்டில் தனியாக உட்கார்ந்து ஒரு மனுஷர் தினமும் ஆறரை மணிக்கு, தனக்குத் தேவையே இல்லாத புடவைகளைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். வெள்ளிக்கிழமை அவருக்கும் ஆகாது போலிருக்கிறது. இன்று என்ன செய்வார்.

நம்பரை எடுத்தேன். மாமா போளூர் என்றே இருக்கிறது, மாற்றவில்லை. அடிக்கவில்லை. எடுத்தால் என்ன என்று கூப்பிடுவது, கோர்ட்டில் எல்லாம் முடிந்த பிறகு? அவர் மாப்ளே என்று எழுதிவிட்டு அழிக்கத் தெரியாமல் தவித்தார். நான் மாமா என்று சொல்லிவிட்டால் எனக்கும் அழிக்கத் தெரியாது.

சாதம் வைத்தேன், முருங்கைக்கீரை, ரசம். வேளைக்கு.


ஆகஸ்ட் 16, சனி

ஆடிக் கிருத்திகை. முருகன் கோயில் மைக் காலையிலிருந்தே. வெயில் திரும்பிவிட்டது.

கூரியர் போயிற்று. இழை இழுத்த பச்சைப் புடவையைக் குணாவுக்குக் கொடுத்தேன். தெரியாத மாதிரி, எதுக்குண்ணா என்றாள். சாய்த்துப் பிடித்தால்தான் கோடு தெரியும் என்றேன். நான் ஏன் சாச்சுப் புடிக்கப் போறேன் என்று பையில் வைத்துக்கொண்டாள்.

ஆறு இருபது. விரிப்பு போட்டு, விளக்கைப் போட்டு, புடவைகளை அடுக்கினோம். வாட்ச்சைக் கடைசி ஓட்டையில் கட்டினேன். நுனி நீட்டிக்கொண்டுதான் இருக்கிறது. குணா போனை ஸ்டாண்டில் மாட்டி மேஜையைப் பார்த்துக் குனிய வைத்தாள்.

கொஞ்சம் மேலே தூக்கி வை என்றேன்.

"எவ்ளோண்ணா?"

மூஞ்சி தெரிகிற அளவுக்கு.